நம் எண்ணெய் மாசி வரைதான்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் பங்க் வரிசையில் ஒரு பேச்சு கிளம்பும். "நம்ம நாட்டுலயே எண்ணெய் கிடக்குது, எடுக்கத்தான் விடமாட்டேங்கறாங்க." பக்கத்து வண்டிக்காரர் தலையாட்டுவார், நரிமணமும் பாம்பே ஹையும் சாட்சிக்கு வரும். டயர் காற்று, கிளட்ச், வேகம் என்று இந்த நூல் பேசப்போவதெல்லாம் சில்லறை விஷயமாகத் தோன்ற இந்த நம்பிக்கைதான் காரணம். தோண்டினால் தீரும் பிரச்சினைக்கு நான் ஏன் ஆக்ஸிலரேட்டரில் காலை அடக்க வேண்டும்? ஆகவே தோண்டும் கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

2023-24 நிதியாண்டில் இந்தியா செலவழித்த பெட்ரோலியப் பொருட்கள் சுமார் 23 கோடி டன். பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு, விமான எரிபொருள், தார் எல்லாம் இதில் அடக்கம். அதே ஆண்டு நம் மண்ணிலும் கடலிலும் எடுத்த கச்சா எண்ணெய் 3 கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவு. சுத்திகரிப்பில் போகும் சேதாரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்கூட, ஜனவரி முதல் தேதியிலிருந்து சொந்த எண்ணெயை மட்டும் வைத்து நாட்டை ஓட்டினால் மாசி பிறந்த சூட்டில் டேங்க் காலி. மீதிப் பத்தரை மாதத்துக்குக் கப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அசாமின் டிக்பாயில் 1889லேயே கிணறு வெட்டினார்கள். 1901ல் அங்கே சுத்திகரிப்பு ஆலையும் வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1956ல் அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. பிறந்தது. 1960ல் குஜராத்தின் அங்கலேஷ்வர், 1974ல் மும்பைக் கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்கடியில் பாம்பே ஹை. 1976ல் அங்கிருந்து எண்ணெய் வரத் தொடங்கியதும் நாட்டின் முகமே மாறியது. எண்பதுகளின் நடுவில் நம் தேவையில் பாதிக்கு மேல் நாமே எடுத்தோம். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று நாம் எடுத்ததும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இதே 3 கோடி டன்தான். நாற்பது ஆண்டுகளில் உற்பத்தி ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கே வந்திருக்கிறது. செலவு ஐந்து மடங்குக்கு மேல் போய்விட்டது.

கிணறு ஏன் வற்றுகிறது

எண்ணெய் நிலத்தடியில் குளமாகத் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் ஊறிக் கிடக்கிறது. முதலில் துளை போடும்போது கோலி சோடாவைத் திறந்த மாதிரி உள்ளே அடைபட்டிருந்த அழுத்தமே அதை மேலே தள்ளும். சில ஆண்டுகளில் அந்த அழுத்தம் அடங்கிவிடும். பிறகு பக்கத்தில் இன்னொரு துளை போட்டுத் தண்ணீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தி எண்ணெயை நெட்டித் தள்ள வேண்டும். ஆண்டு செல்லச் செல்ல, செலுத்திய தண்ணீரே எண்ணெயோடு கலந்து திரும்பி வரும். முதிர்ந்த வயல்களில் மேலே வருவதில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம். கடைசியில் பாறைக்குள் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் நல்ல வயல் என்று பெயர். மீதி அங்கேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

பாம்பே ஹை இப்போது அந்த வயதில் இருக்கிறது. விழும் உற்பத்தியைத் தூக்கி நிறுத்த 2025 தொடக்கத்தில் ஓ.என்.ஜி.சி. பிரிட்டனின் பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைக்குச் சேர்த்துக்கொண்டது. இத்தகைய முயற்சிகள் சரிவைத் தாமதப்படுத்தும். இளமையைத் திருப்பித் தராது.

புது வயல் கிடைத்தால்? கிடைத்தது. 2004ல் ராஜஸ்தானின் பார்மர் பாலைவனத்தில் மங்களா வயலைக் கண்டார்கள். இந்தியாவில் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு அது. முதல் எண்ணெய் வர 2009 ஆனது. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், சாதாரணச் சூட்டிலேயே உறைந்துவிடும். அதனால் குஜராத் வரை வழிநெடுகச் சூடாக்கிக்கொண்டே போகும் குழாயைப் போட வேண்டியிருந்தது. அந்த வரவால் 2011-12ல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 3.8 கோடி டன் என்ற உச்சத்தைத் தொட்டது. அதன்பின் இறங்குமுகம்தான். கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் ஓ.என்.ஜி.சி.யின் வயலிலிருந்து 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் வந்தது. அங்கே எண்ணெய் இருப்பது தெரிந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இன்று தொடங்கும் தேடலின் பலனை நீங்கள் இப்போது ஓட்டும் வண்டி பார்க்காது. அது அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

காவிரிப் படுகைக்கு வருவோம், ஏனென்றால் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் சூடாகிறது. நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், புவனகிரி என்று பல ஊர்களில் எண்ணெயும் வாயுவும் கிடைத்தன. 1993ல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதன் திறன் பின்னர் ஆண்டுக்கு 10 லட்சம் டன்னாக உயர்ந்தது. ஆண்டு முழுதும் அது நிற்காமல் ஓடியிருந்தாலும் சுத்திகரித்திருக்கக்கூடியது இன்றைய இந்தியாவின் ஒன்றரை நாள் செலவு. எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017ல் மக்கள் போராடினார்கள். 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அந்த முடிவு சரியா தவறா என்ற வாதம் இந்த நூலின் வேலை இல்லை. ஆனால் தராசின் ஒரு தட்டில் நெல் வயலை வைக்கும்போது மறு தட்டில் இருப்பது எத்தனை நாள் எண்ணெய் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: சொந்தக் கிணற்று எண்ணெய் மலிவு என்று நினைக்க வேண்டாம். உள்நாட்டுக் கச்சா எண்ணெயும் சர்வதேச விலையை ஒட்டித்தான் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு விற்கப்படுகிறது. அன்னியச் செலாவணி மிச்சமாகும், வேலை கிடைக்கும், அரசுக்கு வருமானம் வரும். பங்கில் உங்களுக்கு விலை குறையாது.

கையில் இருக்கும் ஏழு சதவீதம்

2011-12ன் உச்சத்திலிருந்து இன்று வரை நம் கிணறுகள் இழந்தது ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டன். 2023-24ல் நாடு எரித்த டீசல் ஏறத்தாழ 9 கோடி டன், பெட்ரோல் 3.7 கோடி டன். இரண்டையும் கூட்டி அதில் 7 சதவீதம் எடுத்தால் அதே 90 லட்சம் டன் வந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டியும் நிறுத்த முடியாத சரிவை வண்டி ஓட்டுகிறவர்கள் ஈடுகட்டிவிட முடியும் என்று அர்த்தம். ஏழு சதவீதம் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஓட்டும் பழக்கத்தை மட்டும் மாற்றியே பெரும்பாலோர் அதை எட்டலாம்.

கணக்கு இவ்வளவு அழகாக இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஒருமுறை மிச்சம் பிடித்ததோடு வேலை முடியாது; ஆண்டுதோறும் புது வண்டிகள் சாலைக்கு வருவதால் ஏழு சதவீதத்தை ஓரிரண்டு ஆண்டு வளர்ச்சியே விழுங்கிவிடும். டீசலில் பெரும்பங்கு லாரி, பேருந்து, டிராக்டர், ஜெனரேட்டரில் எரிகிறது, உங்கள் காரில் இல்லை. ஆனாலும் கிணற்றோடு ஒப்பிட்டால் சிக்கனத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது நாளைக் காலையே தொடங்கும். நிலம் கையகப்படுத்த வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

தட்டுப்பாடு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்து எண்ணெய் விலை எகிறியது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த நம் அன்னியச் செலாவணிக் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போக, 1991ல் நாட்டின் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்கும் நிலை வந்தது. 2022ல் இலங்கை, ஒரு சொட்டு எண்ணெயும் சொந்தமாக எடுக்காத நாடு, டாலர் தீர்ந்ததும் என்ன ஆனது என்பது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சொந்தக்காரர் உள்ளவர்களுக்குத் தெரியும். நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர். இந்தியா அவசரத்துக்கென்று விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமித்து வைக்கிறது. முழுக்க நிரப்பினாலும் 53 லட்சம் டன், அதாவது எட்டு ஒன்பது நாள் தேவை. எண்ணெய் நிறுவனங்களிடம் வேறு இருப்பு உண்டு என்றாலும் நிம்மதியாகத் தூங்கும் அளவு இல்லை.

முதலில் அளவு

உங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரியாமல் சிக்கனம் பேசுவது வீண். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே சொல்லும். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது. அங்கே மேடு பள்ளம் இல்லை, குறுக்கே மாடு வராது.

புல் டேங்க் முறைதான் வீட்டுக்கு ஏற்றது. பங்கில் துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் திணிக்கச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள். குறைந்தது 300, 400 கிலோமீட்டர் வழக்கம்போல ஓட்டுங்கள். பிறகு முடிந்தால் அதே பங்கில் அதேபோல நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை எடுத்த கணக்கு ஏமாற்றும். மூன்று நான்கு முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

அடுத்தது, இந்த அத்தியாயத்திலேயே எனக்கு முக்கியமாகப் படுவது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டு, 1000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிப் பழகுங்கள். பைக் வாங்கும்போது 60 தருமா 65 தருமா என்று மூன்று ஷோரூம் ஏறி இறங்குகிறவர், கார் வாங்கும்போது 12க்கும் 14க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிடுகிறார். 1000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 60 தரும் பைக்குக்கு 16.7 லிட்டர், 65 தரும் பைக்குக்கு 15.4 லிட்டர், மிச்சம் ஒன்றேகால் லிட்டர் சொச்சம். 12 தரும் காருக்கு 83 லிட்டர், 14 தரும் காருக்கு 71 லிட்டர். மிச்சம் 12 லிட்டர். அலட்சியமாக விட்ட இடத்தில் ஒன்பது மடங்கு எண்ணெய் இருக்கிறது. லாரியில் இது இன்னும் கூர்மை. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தரும் வண்டி மூன்றரை தந்தால் ஆயிரம் கிலோமீட்டரில் மிச்சம் 48 லிட்டர். நாமக்கல் லாரி முதலாளிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசுப் பேருந்து டெப்போக்களும் ஓட்டுநர் வாரியாக 'கேஎம்பிஎல்' (லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்) கணக்கு எழுதிக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது இதனால்தான்.

வீட்டில் ஒரு பைக்கும் ஒரு பழைய காரும் இருந்தால் உங்கள் கவனம் முதலில் காருக்குப் போகட்டும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 14 தரும் காரில் ஏழு சதவீதம் என்பது 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 500 ரூபாய்.

மைலேஜ் காலில் இருக்கிறது

வேகத்திலிருந்து தொடங்குவோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடியது. காற்றைப் பிளக்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவிடும் ஆற்றல் பாதிக்கு மேல் கூடிவிடும். பல கார்களில் பெட்ரோல் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏற இது ஒன்றே போதும். சென்னையிலிருந்து விழுப்புரம் 160 கிலோமீட்டர் என்று வைத்தால், 80ல் இரண்டு மணி நேரம், 100ல் 96 நிமிடம். லாபம் 24 நிமிடம், அதுவும் வழியில் சுங்கச்சாவடியும் செங்கல்பட்டு நெரிசலும் விட்டுவைத்தால். 1978ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வேகம் 45 முதல் 55. நான்குவழிச் சாலையில் காரை 50ல் ஓட்டினால் பின்னால் வருகிறவர் சாபம் விடுவார், ஆபத்தும்கூட. அங்கே 80ஐத் தாண்டாமல் இருப்பதே நடைமுறைக்கு ஏற்ற எல்லை என்பது என் கருத்து. பைக்குக்கு 45, 50 உண்மையிலேயே பொருந்தும்.

ஊருக்குள் எதிரி வேகம் இல்லை, பிரேக். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும், பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தைச் சூடாக்கி வெளியே விடுகிறீர்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரிகிறது. கடைசி வரை மிதித்துப் போய்ச் சடாரென்று நிற்பதற்கும், முன்பே காலை எடுத்து ஊர்ந்து போவதற்கும் நேரத்தில் வித்தியாசமே கிடையாது. முன்வண்டியின் பின்புறத்தை மட்டும் பார்க்காமல் நான்கு வண்டி தள்ளிப் பார்க்கப் பழகியவர் தேவையற்ற பிரேக்கைப் பெருமளவு குறைத்துவிடுவார். கியரை எஞ்சின் உறுமும் வரை இழுக்காமல் சீக்கிரம் மாற்றுங்கள். ஆனால் எஞ்சின் திணறி நடுங்கும் அளவுக்கு அல்ல. மேட்டில் நிற்கும்போது அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் பெட்ரோலையும் தின்னும், கிளட்ச் பிளேட்டையும் தின்னும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

நியூட்ரலில் இறக்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் நியூட்ரல் போட்டு, சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு, "பெட்ரோல் மிச்சம்" என்று இறங்குவதைப் பார்க்கலாம். பழைய கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் கணக்கு இருந்தது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் நேர் எதிர். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குள் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். உருளும் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் செலவழித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பது போதாதென்றால், மிச்சமும் இல்லை என்பதாவது உறைக்கட்டும்.

வண்டி ஸ்டார்ட்டில் சும்மா நிற்பதும் அப்படித்தான். சிறிய பெட்ரோல் கார் நின்ற இடத்திலேயே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏ.சி. ஓடினால் இன்னும். பத்து விநாடிக்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதே லாபம். எண் இறங்கும் பலகை உள்ள சிக்னலில் யோசிக்கவே வேண்டாம். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது ஏ.சி.யோடு எஞ்சினை ஓடவிடுவதுதான் நம் நகரங்களில் மிகப் பெரிய வீண்செலவு என்று தோன்றுகிறது. ஏ.சி.யே கூடாது என்று சித்திரை வெயிலில் யாருக்கும் சொல்ல மாட்டேன். நிழலில் நிறுத்துங்கள், ஏறியதும் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டுவிட்டுப் பிறகு போடுங்கள், உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள். மெதுவாகப் போகும்போது ஜன்னல், நெடுஞ்சாலையில் ஏ.சி.: வேகத்தில் ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்சம், நீங்கள் பிடிக்க வேண்டிய அளவு இல்லை. நாலு சக்கரத்திலும் 10 பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் மைலேஜில் 2 சதவீதம் வரை போய்விடும், டயரும் ஓரத்தில் தேயும். பைக்கில் பின்னால் ஆள் ஏற்றினால் பின் டயருக்குத் தனி அளவு உண்டு, புத்தகத்தைப் பாருங்கள்.

பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இலகுவாகச் சுற்றாமல் உரசி நின்றால் பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. காரில் ஓடி வந்தபின் ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பிரேக் விலகவில்லை. செயினுக்கு எண்ணெய், வீல் அலைன்மென்ட், புத்தகத்தில் சொன்ன தரத்தில் எஞ்சின் ஆயில்: இவை வழக்கமானவை, விரித்துச் சொல்லத் தேவையில்லை. டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் மூட்டையையும், பயன்படாதபோது கூரைமேல் நிற்கும் கேரியரையும் எடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகும் கருவி ஆகியவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். சாதாரணப் பெட்ரோலுக்காக வடிவமைத்த எஞ்சினில் அதிக ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் மைலேஜைக் கூட்டாது. பி.எஸ்.6 மாசு விதி வந்தபின் பெரும்பாலான பைக்குகளிலும் இன்ஜெக்ஷன்தான்; கார்புரேட்டரைத் திருகி மைலேஜ் ஏற்றித் தருவதாகச் சொல்லும் மெக்கானிக்குக்குத் திருக இனி ஒன்றும் இல்லை.

சமீபத்தில் மைலேஜ் கொஞ்சம் இறங்கியதாகத் தோன்றினால் அது உங்கள் பிரமையாக இல்லாமலும் இருக்கலாம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். முன்பு 10 சதவீதக் கலப்பு இருந்த காலத்தைவிட லிட்டருக்குச் சுமார் 3 சதவீதம் ஆற்றல் குறைவு. இறக்குமதியைக் குறைக்கும் வழி இது என்பது அரசின் வாதம். கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் சேர்த்தால் இந்தக் கிணற்றுக்கும் ஒரு அடிமட்டம் உண்டு என்பேன். உங்கள் பழைய கணக்கோடு புதியதை ஒப்பிடும்போது இந்த 3 சதவீதத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்.

எத்தனை பேர், எத்தனை லிட்டர்

வண்டி மாறாமல், ஓட்டும் விதமும் மாறாமல், கணக்கைத் தலைகீழாக்கக்கூடிய ஒன்று உண்டு: உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைகள். அரசுப் பேருந்து ஒரு லிட்டர் டீசலில் சுமார் 5 கிலோமீட்டர் போகிறது. 40 பேர் இருந்தால் ஒரு லிட்டரில் 200 ஆள்-கிலோமீட்டர். பைக்கில் இரண்டு பேர் போனால் 100. காரில் தனியாளாகப் போனால் 14, 15. தனியாகக் காரில் அலுவலகம் போகிறவர் என்னதான் கியரை அழகாக மாற்றினாலும், பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு அலட்சியமாக ஓட்டுகிறவரைச் சிக்கனத்தில் முந்த முடியாது. சிக்கனப் பிரசுரங்கள் டயர் காற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு எப்போதும் வியப்பு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மைலேஜ் கூடும் வண்டி வந்ததும் பலர் கூடுதலாக ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். "இதுதான் கம்மியாக் குடிக்குதே" என்று தெருமுனைப் பால் பூத்துக்கும் சாவியை எடுப்பார்கள். மைலேஜ் எண் அழகாக இருக்கும், மாத பெட்ரோல் குறைந்திருக்காது. அதனால் உங்கள் கணக்கு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: மாதம் மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், 1000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். ரூபாயை எழுத வேண்டாம். விலை ஏறி இறங்குவது உங்கள் பழக்கத்தை மறைத்துவிடும். மூன்றாவது பத்தி குறைந்தும் இரண்டாவது குறையவில்லை என்றால் முதல் பத்தியில் கூடியது எந்தப் பயணம் என்று தேடுங்கள். பெரும்பாலும் அது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துபோகும் இந்தக் குட்டிப் பயணங்களில்தான் வண்டி மிக மோசமான மைலேஜ் தரும். அவற்றில் பாதியைச் சைக்கிளுக்கு மாற்றிவிட்டு அடுத்த மாதம் இரண்டாவது பத்தியைப் பாருங்கள்.